நகை, நோட்டு, கையெழுத்து: நாத்தனார், ஓர்ப்படி, அண்ணி – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை தேர்ந்தெடுத்த கடிதங்கள் எல்லாமே புகுந்த வீட்டுக்கும் பிறந்த வீட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பணத்தைப் பற்றியவை. எழுதியவர்களின் பெயர், ஊர் போன்ற விவரங்களை நீக்கிவிட்டுக் கேள்வியை மட்டும் சுருக்கித் தருகிறோம்.

கேள்வி: என் நாத்தனாரின் கணவர் கடையைப் பெரிதாக்குவதற்காக இரண்டு வருடம் முன்பு என்னுடைய 11 பவுன் நகையைக் கேட்டார்கள். "தங்கச்சிதானே, கொடு" என்றார் என் கணவர். நாத்தனார் அதைத் தன் பெயரிலேயே வங்கியில் அடகு வைத்திருக்கிறார். திருப்பிக் கேட்டால், "வட்டி கட்டிட்டுத்தானே இருக்கோம் அண்ணி, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்கிறார். எங்களிடம் எந்த எழுத்தும் இல்லை. பேச்சை எடுத்தாலே வீட்டில் சண்டை. என்ன செய்வது?

பதில்: எழுத்து இல்லாததைக்கூடச் சரிசெய்துவிடலாம். நகை அவர் பெயரில் அடகில் இருப்பதுதான் அவசரமாகக் கவனிக்க வேண்டியது. நகைக் கடன் வாங்குபவர் "இது என் சொந்த நகை" என்று கையெழுத்துப் போட்டுத்தான் வைக்கிறார். வங்கியைப் பொறுத்தவரை நீங்கள் யாரென்றே தெரியாது. கெடு தாண்டினால் நோட்டீஸ் அவர் முகவரிக்குப் போகும், ஏல அறிவிப்பும் அவருக்குத்தான் வரும். கடை நஷ்டத்தில் போகும்போது அந்த நோட்டீஸை வெட்கப்பட்டு மறைத்துவிடுவார்கள். அதற்குக் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்றே இல்லை. உங்களுக்குத் தெரிய வரும்போது நகை உருகிப் போயிருக்கும்.

அதனால் முதலில் நகையைக் கேட்காதீர்கள். நகைக் கடன் ரசீதின் போட்டோவைக் கேளுங்கள். நகைப் பட்டியல், மொத்த எடை, நிகர எடை, அசல், கெடு தேதி எல்லாம் அதில் இருக்கும். ஒரு பவுன் 8 கிராம், எனவே உங்கள் 11 பவுன் 88 கிராம். நிகர எடை சில கிராம் குறைவாகத் தெரிந்தால் பதற வேண்டாம். கல், அரக்கு, கயிறு ஆகியவற்றைக் கழித்துத்தான் அதைப் போடுவார்கள். மொத்த எடையே 60, 65 கிராம் என்று இருந்தால், மீதி நகை வேறு எங்கோ அடகில் இருக்கிறது என்று அர்த்தம். அந்த ரசீதையும் கேட்க வேண்டும்.

"வட்டி கட்டிட்டு இருக்கோம்" என்ற பேச்சையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நகைக் கடன் பெரும்பாலும் ஒரு வருடக் கெடுவில் தரப்படுவது. வருட முடிவில் வட்டியைக் கட்டி அதே நகையை மறுபடி வைப்பார்கள். அந்த நேரத்தில் தங்கம் விலை ஏறியிருந்தால் அதே நகைக்குக் கூடுதலாகக் கடன் கிடைக்கும். அவசரத்துக்கு அதையும் வாங்கிவிடுவார்கள். வட்டி கட்டியது உண்மையாக இருக்கும், அசல் மட்டும் 2 லட்சத்திலிருந்து 4 லட்சம் ஆகியிருக்கும். மீட்க வேண்டிய தொகை ஏறிக்கொண்டே போவது இப்படித்தான். வைத்த அன்று அசல் எவ்வளவு, இன்று எவ்வளவு என்று இரண்டையும் கேளுங்கள்.

கேட்க வேண்டியவர் நீங்கள் அல்ல, உங்கள் கணவர். கொடுக்கச் சொன்னவர் அவர், வாங்கியவர் அவருடைய தங்கை. அண்ணி கேட்டால் அது குத்திக்காட்டல் ஆகிவிடும், அண்ணன் கேட்டால் கணக்காக இருக்கும். வாட்ஸ்அப்பில் இந்த மாதிரி எழுதினால் போதும்: "இன்ன தேதியில உங்க அண்ணியோட நகை 11 பவுனை உன் பேர்ல வச்சோமே, அந்த ரசீதை போட்டோ எடுத்து அனுப்பு. எந்த மாசம் மீட்க முடியும்னு சொல்லு, மீதிக்கு நான் என்ன செய்யலாம்னு பார்க்கிறேன்." இதற்கு "சரிண்ணா, தை மாசம் மீட்டுடறோம்" என்று பதில் வந்தாலே, நகை உங்களுடையது என்று அவர் ஒப்புக்கொண்ட தடயம் கையில் இருக்கும். அதன் பிறகு ஒரு தாளில் நகைப் பட்டியல், எடை, திருப்பித் தரும் தேதி எழுதி, நாத்தனாரும் அவர் கணவரும் கையெழுத்துப் போடட்டும்.

முழுத் தொகையும் அவர்களிடம் இல்லை என்றால் இப்படிச் செய்யலாம். இரு குடும்பமும் ஒரே நாளில் வங்கிக்குப் போங்கள். அவர்களால் முடிந்ததை அவர்கள் போடட்டும், குறைவதை நீங்கள் ஒரே ஒரு நாளைக்குப் புரட்டுங்கள். கடனை முடித்தால் நகை வெளியே வரும். கவுன்ட்டரிலேயே எடை போட்டுப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். புரட்டிய பணத்துக்காக அதில் ஒரு பகுதியைத் திரும்ப வைக்க வேண்டியிருந்தால் உங்கள் பெயரில் வையுங்கள். அந்தக் கடன் கணக்கு எண்ணை நாத்தனாருக்குக் கொடுத்து, வட்டியையும் தவணையையும் நேராக அதில் கட்டச் சொல்லுங்கள். அவர்களுக்கு உதவியும் தொடரும், கடன் முடியும் நாளில் நகை உங்கள் கைக்குத்தான் வரும். இனி எந்த உறவுக்கு உதவுவதானாலும் முதல் நாளே இப்படிச் செய்துவிடுங்கள். நகையைக் கையில் கொடுக்காமல் உங்கள் பெயரில் வைத்து, பணத்தை அவர்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. பெண்ணின் நகை அவளுடைய தனிச் சொத்து, கணவருக்கோ அவர் வீட்டாருக்கோ அதில் பங்கு இல்லை என்பதை உச்ச நீதிமன்றம் 1985-இல் பிரதிபா ராணி வழக்கிலேயே தெளிவாக்கிவிட்டது. ஆனாலும் காவல் நிலையப் புகாரை முதல் படியாக வைத்துக்கொள்ளாதீர்கள். கடை ஓடினால்தான் நகை மீளும்.

கேள்வி: மாமியாருக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். மூத்த மருமகள் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வேலையையும் விட்டுவிட்டேன். வெளியூரில் இருக்கும் ஓர்ப்படி மாதம் 5,000 ரூபாய் அனுப்பிவிட்டு, "நாங்க பணம் தர்றோமே" என்கிறார். நாத்தனார் ஞாயிற்றுக்கிழமை வந்து, "அம்மா மெலிஞ்சுட்டாங்களே, சரியா கொடுக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். பணமும் தருவதில்லை. எப்படிப் பேசுவது?

பதில்: பேசுவதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, ஏழு நாளைக்கு மணி போட்டு எழுதுங்கள். இரவு உட்பட இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, உடம்பு துடைப்பது, சாய்த்து உட்கார வைத்து ஊட்டுவது, ஊட்டிய பின் அரை மணி நேரம் அப்படியே வைத்திருப்பது, நாளைக்கு நாலு டயாபர், துணி துவைப்பது, மாத்திரை, கை கால் பயிற்சி. தினமும் எத்தனை மணி நேரம் போகிறது, ராத்திரி எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். பார்த்துக்கொள்ளாதவர்களின் கற்பனையில் இந்த வேலை "மூணு வேளை சாப்பாடு கொடுக்கறது" மட்டும்தான். அவர்கள் மனதில் இருக்கும் அளவை மாற்ற இந்த நோட்டுப் போல வேறெதுவும் உதவாது. கூடவே செலவையும் எழுதுங்கள். நாளைக்கு நாலு டயாபர் என்றால் மாதம் 120. மருந்து, பயிற்சிக்கு வருபவர், மருத்துவரிடம் போகும் வண்டி, கூடுதல் மின்சாரம், சோப்பு, கையுறை எல்லாம் அதில் வரட்டும்.

இன்னொரு விஷயம் உங்களுக்கு உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பொறுப்பை மகன், மகள், வயது வந்த பேரன், பேத்தி மேல்தான் வைக்கிறது. மருமகள் அந்தப் பட்டியலில் இல்லை. கல்யாணமான மகளுக்கும் பெற்றோரைப் பராமரிக்கும் கடமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1987-இலேயே சொல்லிவிட்டது. ஆகவே உங்கள் மாமியாரின் பராமரிப்பு உங்கள் கணவர், கொழுந்தனார், நாத்தனார் மூவருடையது. நீங்கள் செய்வது உங்கள் கணவரின் பங்கையும் தாண்டிய உழைப்பு. இதைச் சபையில் சட்டமாகப் பேச வேண்டாம், ஆனால் உட்காரும்போது மனதில் இருக்கட்டும். குற்றவாளி போல உட்கார மாட்டீர்கள்.

கூட்டத்தைக் கூட்ட வேண்டியவர் உங்கள் கணவர். உடன்பிறந்த மூன்று பேர் பேச வேண்டிய பேச்சு இது. மருமகள்கள் இருவரும் கூட இருக்கலாம், தொடங்கி வைப்பது அவர்களாக இருக்கக் கூடாது. ஓர்ப்படியும் நீங்களும் மோதிக்கொண்டிருக்கும் வரை அண்ணன் தம்பி இருவரும் பேசாமல் தப்பித்துக்கொண்டே இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், நாத்தனார் வந்த வேகத்தில் அது சண்டையாகிவிடும். வேறு ஒரு நாள் வீடியோ காலில் ஒரு மணி நேரம் போதும்.

பணத்துக்கு: மாமியாருக்கு என்று ஓய்வூதியம், வாடகை, வைப்புத்தொகை வட்டி ஏதாவது இருந்தால் முதலில் அதிலிருந்து செலவு நடக்கட்டும். குறைவதை மூவரும் பிரித்துக்கொள்ளட்டும். சம பங்கா, வருமானத்துக்கு ஏற்றபடியா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் அவர்கள். நாத்தனாருக்குத் தன் சம்பளம் இல்லை என்றால் பணத்துக்குப் பதில் நாட்களைக் கேளுங்கள். மிக முக்கியமானது: பணம் முன்கூட்டியே வர வேண்டும். நீங்கள் செலவழித்துவிட்டு பில்லைக் காட்டிக் கேட்பது போல ஏற்பாடு இருந்தால் ஒவ்வொரு மாதமும் கை நீட்டும் நிலை வரும், ஒவ்வொரு பில்லுக்கும் கேள்வி வரும். பராமரிப்பு ஏற்பாடுகள் முறிந்துபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மாமியார் பெயரோடு ஒரு பிள்ளையின் பெயரும் சேர்ந்த வங்கிக் கணக்கு ஒன்றை வைத்து, 5-ஆம் தேதிக்குள் மூவரும் அதில் போட்டுவிடட்டும். மருந்தும் டயாபரும் அந்தக் கணக்கிலிருந்தே வாங்குங்கள். மாதக் கடைசியில் பில்களைப் போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டால் போதும், விளக்கம் எழுத வேண்டியதில்லை. இரண்டு மாதச் செலவுக்கான தொகை எப்போதும் கணக்கில் இருக்கட்டும். மருத்துவமனைக்கு ஓட வேண்டிய இரவில் யாருக்கும் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

நேரத்துக்கு: இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 10 நாள் உங்களுக்கு விடுப்பு வேண்டும். படுக்கையில் இருப்பவரை வீடு மாற்றுவது கஷ்டம், எனவே அவரை அனுப்பாமல் நாத்தனாரோ ஓர்ப்படியோ வந்து தங்கட்டும். அந்தப் பத்து நாளும் நீங்கள் அந்த வீட்டில் இருக்காதீர்கள். இருந்தால் பாதி வேலை உங்கள் தலையில்தான் விழும். போகும் முன் ஒரு தாளில் மாத்திரை நேரம், எந்தப் பக்கம் எத்தனை மணிக்குப் படுக்க வைக்க வேண்டும், கடைசியாக மலம் கழித்த நாள், எதைக் குடித்தால் புரை ஏறுகிறது, மருத்துவர் எண் ஆகியவற்றை எழுதி ஒட்டிவிடுங்கள். முழு நாள் உதவியாளர் கட்டுப்படியாகாது என்றால், காலையில் இரண்டு மணி நேரம் குளிப்பாட்ட மட்டும் ஆள் வைத்து அந்தச் சம்பளத்தைப் பொதுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். இடுப்பைக் காப்பாற்றிக்கொள்ள இதைவிட நல்ல செலவு இல்லை.

"மெலிஞ்சுட்டாங்களே" என்ற கேள்விக்குக் கோபமாகப் பதில் சொல்ல வேண்டாம். மகளின் பயம் அப்படித்தான் வெளியே வரும். அடுத்த ஞாயிறு அவர் வரும் நேரத்துக்கு உடம்பு துடைப்பதையும் மதியச் சாப்பாட்டையும் ஒதுக்கி வைத்து, "இன்னைக்கு நீங்க ஊட்டுங்க, உங்க கையால கொடுத்தா அம்மா ரெண்டு வாய் கூடச் சாப்பிடுவாங்க" என்று கிண்ணத்தைக் கொடுங்கள். ஒரு கிண்ணம் கஞ்சி உள்ளே போக முக்கால் மணி நேரம் ஆவதைப் பார்த்தபின் அந்தக் கேள்வி மாறிவிடும். எடை உண்மையிலேயே குறைந்திருந்தால் இருவருமாக மருத்துவரிடம் சொல்லுங்கள். பக்கவாதத்தில் விழுங்கும் சிரமம் பொதுவாக வருவது, அதற்குத் தனியாகப் பயிற்சி உண்டு.

"பார்த்துக்கறவங்களுக்குத்தான் வீடு" என்று யாராவது இப்போது சொன்னால் அதை இந்தக் கணக்கோடு சேர்க்காதீர்கள். அது மாமியார் தெளிவாக இருக்கும்போது தன் வாயால் சொல்லி, பத்திரமாக எழுதிப் பதிவு செய்ய வேண்டிய விஷயம். பிள்ளைகள் மூவரும் கைவிட்டுவிட்டால் மாமியாரே, அல்லது அவர் சார்பில் ஒருவர், வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவு போட அதற்கு அதிகாரம் உண்டு. முதியோர் உதவி எண் 14567. உங்கள் வீட்டில் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை என்றே கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது.

கேள்வி: என் அண்ணி என்னிடம் 2 லட்சம் கடன் வாங்கி 2 வருடம் 8 மாதம் ஆகிறது. ஒரு லட்சம் வங்கி வழியாக, ஒரு லட்சம் ரொக்கமாக. "குடும்பத்துக்குள்ள நோட்டு எதுக்கு" என்றார்கள். இப்போது அண்ணன், "அவ வாங்கினது எனக்குத் தெரியாது" என்கிறார். நான் தனியாக வாழும் பெண். என் சேமிப்பே அதுதான்.

பதில்: உங்களிடம் நான்கு மாதம் இருக்கிறது. கைமாற்றுக் கடனைக் கேட்டு வழக்குப் போட 3 வருடம்தான் கெடு. அதற்குள் அண்ணி "இன்ன தொகை பாக்கி இருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக 3 வருடம் தொடங்கும். ஒரு பகுதியைத் திருப்பித் தந்து, அதைத் தன் கையால் எழுதி ஒப்பமிட்டாலும் அப்படியே. வாயால் "தர்றேன்" என்று நூறு தடவை சொன்னாலும் கெடு நீளாது. எனவே பணத்தைக் கேட்பதைவிட இப்போது எழுத்தைக் கேளுங்கள். அது கொடுப்பதற்கும் அவர்களுக்கு எளிது.

அந்த எழுத்தைப் புரோநோட்டாக, அதாவது கேட்கும்போது பணத்தைத் தருவதாக எழுதிக் கொடுக்கும் கடன் சீட்டாக, வாங்கினால் நல்லது. தேதி, ஊர், தொகை எண்ணிலும் எழுத்திலும், வட்டி உண்டா இல்லையா, "தாங்களாவது தங்கள் ஆர்டர் பெற்றவராவது கேட்கும்போது கொடுப்பேன்" என்ற வரி எல்லாம் இருக்க வேண்டும். அந்த வரியில் "ஆர்டர்" என்ற சொல்லை விட்டுவிட்டுச் சாட்சிக் கையெழுத்தும் வாங்கினால் அது நோட்டு என்ற நிலையை இழந்து வேறு வகைப் பத்திரமாகக் கருதப்படலாம், அதற்கு முத்திரைக் கட்டணமும் வேறு. ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேல் பாதியும் தாளில் பாதியுமாக விழும்படி கையெழுத்து வாங்குங்கள். ஸ்டாம்ப் இல்லாத நோட்டை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. மற்ற பத்திரங்களைப் போலப் பின்னால் அபராதம் கட்டிச் சரிசெய்யவும் முடியாது. ஒரு ரூபாய் ஸ்டாம்ப்புக்காக லட்சங்கள் போன குடும்பங்கள் உண்டு.

மனைவி வாங்கிய கடனுக்குக் கணவர் தானாகப் பொறுப்பாக மாட்டார். அண்ணன் சொல்வது மனதுக்குக் கசந்தாலும் சட்டப்படி சரி. அதனால் நோட்டில் இருவர் கையெழுத்தும் கேளுங்கள். அண்ணன் போட மறுத்தால் அண்ணியுடையதாவது கட்டாயம். ரொக்கமாகத் தந்த லட்சத்துக்கு இந்த எழுத்துதான் ஒரே ஆதாரம். வருமான வரிச் சட்டப்படி 20,000 ரூபாயும் அதற்கு மேலும் கடனை ரொக்கமாக வாங்கக் கூடாது, வாங்கியவருக்கு அபராதம் வரலாம். இனி எதுவானாலும் வங்கி வழியாகவே கொடுங்கள், அனுப்பும்போது குறிப்பில் "கடன்" என்று எழுதுங்கள். எழுதாமல் விட்டால், பின்னால் அதை அன்பளிப்பு என்று சொல்லிவிடுவது சுலபம்.

இதைப் படிக்கும் வேறு யாருக்காவது 3 வருடம் ஏற்கெனவே தாண்டியிருந்தால் முழுக்க மனம் விட வேண்டாம். கெடு தாண்டிய கடனையும் "தருகிறேன்" என்று கடனாளி புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அது செல்லும். அவர் மனம் வைக்க வேண்டும், அவ்வளவுதான். கடன் அடைந்ததும் நோட்டின் மூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அது அண்ணிக்கு நீங்கள் செய்ய வேண்டிய நியாயம்.

கேள்வி: அப்பா இறந்து எட்டு மாதம். வீடு அவர் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது, உயில் எழுதவில்லை. அம்மா, அண்ணன், நான். "பேங்க் லோனுக்கு வாரிசு கையெழுத்து வேணும், ரிஜிஸ்டர் ஆபீஸ் வா" என்று அண்ணி கூப்பிடுகிறார். "உன் கல்யாணத்துக்கு 40 பவுன் போட்டாச்சே" என்றும் சொல்கிறார். அண்ணன் வாயே திறப்பதில்லை.

பதில்: வங்கிக் கடனுக்கு என்றால் வங்கியில் கையெழுத்துக் கேட்பார்கள். சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூப்பிடுவதால் பத்திரத்தின் வரைவை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி, தலைப்பைப் பாருங்கள். "விடுதலைப் பத்திரம்" என்றால் உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கிறீர்கள், பதிவான பின் மனம் மாறித் திரும்ப வாங்க முடியாது. "பொது அதிகார ஆவணம்" என்றால் உங்களுக்காக விற்கவும் அடமானம் வைக்கவும் இன்னொருவருக்கு அதிகாரம் தருகிறீர்கள். அடமானப் பத்திரம் என்றால் பங்கு உங்களிடமே இருக்கும், ஆனால் அண்ணன் தவணை கட்டாவிட்டால் அந்தப் பங்கும் சேர்ந்து போகும். வெற்றுத் தாளிலோ எழுதாத முத்திரைத்தாளிலோ கையெழுத்து வேண்டவே வேண்டாம்.

நீங்கள் இந்து வாரிசுச் சட்டத்தின் கீழ் வருபவர் என்றால், அப்பாவின் தாயார் உயிருடன் இல்லாத நிலையில் அம்மா, அண்ணன், நீங்கள் மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. கல்யாணத்துக்குப் போட்ட நகை இந்தப் பங்கைக் கரைக்காது. பூர்வீகச் சொத்தானாலும் மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை உண்டு. அந்த உரிமையைத் தந்த 2005 சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்த நாளில் அப்பா உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. கிறிஸ்தவக் குடும்பத்தில் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. இஸ்லாமியக் குடும்பங்களில் மகனுக்கு மகளைப் போல இரு மடங்கு.

இரண்டு காகிதங்களை இப்போதே பாருங்கள். வாரிசுச் சான்றிதழில் உங்கள் பெயர் இருக்கிறதா? மகளை விட்டுவிட்டு விண்ணப்பிப்பதும் நடக்கிறது, அப்படியானால் வட்டாட்சியரிடம் உடனே ஆட்சேபம் கொடுங்கள். வீட்டுக்கு வில்லங்கச் சான்று போட்டு, அப்பா இறந்த பிறகு ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பதிவுத் துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம்.

அண்ணியின் பக்கத்தையும் கேட்க வேண்டும். அந்த வீட்டுக் கடனின் தவணையை அவர்கள் பல வருடம் கட்டியிருக்கலாம், அப்பாவின் மருத்துவச் செலவை அவர்களே பார்த்திருக்கலாம். அந்தக் கணக்கைத் தேதியோடு கேளுங்கள், நியாயமானதை உங்கள் பங்கிலிருந்து கழித்துக்கொள்ளச் சம்மதியுங்கள். முழுதாக விட்டுக்கொடுக்க உங்களுக்கே விருப்பம் இருந்தாலும் தவறில்லை. ஆனால் யார் பெயருக்கு விடுகிறீர்கள் என்பதைப் படித்துவிட்டுப் போடுங்கள். அண்ணன் பெயருக்கு மட்டும் விட்டால், அம்மா அந்த வீட்டில் சிறுபான்மைப் பங்குக்காரர் ஆகிவிடுவார். அம்மாவின் பங்கு அவர் காலம் வரை அவர் பெயரிலேயே இருக்கட்டும் என்று கேளுங்கள். பணம் வாங்கிக்கொண்டு விடுவதானால், பத்திரத்தில் எழுதும் தொகையும் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும் தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். பணம் வந்த பிறகு கையெழுத்து.

கேள்வி: நாத்தனார் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் சீராக 5 பவுன் எதிர்பார்க்கிறார்கள். எங்களால் ஒன்றுதான் முடியும். கணவர் கடன் வாங்கலாம் என்கிறார்.

பதில்: கடன் வேண்டாம். சீரில் சண்டை வருவது பெரும்பாலும் அளவால் அல்ல, விழா அன்று சபையில் தெரிய வருவதால். பத்திரிகை அடிக்கும் முன்பே உங்கள் கணவர் தன் அம்மாவிடம் சொல்லட்டும், பிறகு தங்கை வீட்டுக்கு நேரில் போகட்டும், போனில் வேண்டாம். "ஒரு பவுனும் பட்டுப்புடவையும் மாலையும் தட்டு வரிசையும் எங்க பொறுப்பு, மண்டப வேலை ரெண்டு நாளும் நான் நிக்கிறேன்" என்று தெளிவாகச் சொல்லட்டும். "பார்க்கலாம்" என்ற சொல் வாயில் வரக் கூடாது. அதை அவர்கள் ஐந்தாகத்தான் கேட்டுக்கொள்வார்கள். போகும் முன் மொய் நோட்டை எடுத்து, உங்கள் வீட்டு விசேஷங்களுக்கு அவர்கள் செய்ததைப் பாருங்கள். அதற்குக் குறையாமல் செய்தால் போதும். உங்கள் தாலியின் மூன்றாவது முடிச்சைப் போட்டவர் அந்த நாத்தனார். சீர் குறைந்தாலும், சபையில் நிற்கும்போது அவர் முகம் வாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தட்டுகளை 11, 21 என்று நிறைவாக வைத்து, தாய்மாமன் முன்னால் நடந்து வரட்டும்.

கேள்வி: ஓர்ப்படி ஏலத்தில் எடுக்கப்போகும் சீட்டுக்கு "பேருக்கு ஒரு ஜாமீன் கையெழுத்து" கேட்கிறார். போடலாமா?

பதில்: ஜாமீனில் "பேருக்கு" என்று ஒன்று இல்லை. அவர் கட்டாவிட்டால், அவரிடம் கேட்காமலே நேராக உங்களிடம் முழுப் பாக்கியையும் கேட்க சீட்டு நிறுவனத்துக்கு உரிமை உண்டு. மீதித் தவணைகளை எண்ணி, மாதத் தொகையால் பெருக்குங்கள். அந்தத் தொகையை நீங்களே கட்ட நேர்ந்தால் தாங்க முடியுமென்றால் மட்டும் போடுங்கள். முடியாதென்றால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள், ஏலம் எடுத்த பிறகு சொன்னால் அவருக்கு வேறு ஜாமீன் தேட நாள் இருக்காது. "அவர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று கணவர் மேல் போடாமல், "எனக்குச் சம்பளம் அவ்வளவு இல்ல அக்கா, என்னால கட்ட முடியாததுக்கு நான் கையெழுத்துப் போடக் கூடாது" என்று நீங்களே சொல்லுங்கள்.